எடைமேடையில் முப்பது

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஜவ்வரிசி ஆலை எடைமேடையில்
எனக்கு ராத்திரி ஷிப்ட்.
குச்சிக்கிழங்கு லாரி ஏறும்,
நம்பர் விழும், சீட்டு கிழிப்பேன்.
இந்த மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
ஐந்து கிலோவுக்குக் கீழே உலகத்தில் எதுவுமில்லை.

தை மாதம்
தாயை லாரிச் சக்கரத்துக்குக் கொடுத்த குட்டியைக்
கிழங்குத் தோல் குவியலிலிருந்து தூக்கி வந்து
மேடை நடுவில் வைத்தேன்.
0 என்றது.
அதுவே அவள் பேர்.

ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறான், லோடு.
டிரைவர்கள் வைத்த பேர்.
ஒன்பது வருஷமாகப் பன், பொறை, பரோட்டா,
வெங்காயம் சிந்தும் தட்டுவடை செட்.
வேண்டாம் என்று சொல்லிப் பழகாத வாய்.
மேடையில் படுத்தால் 30.

முதல் வாரம் பால் ஊற்றினேன்.
கழிந்து கழிந்து
பிழிந்து போட்ட துணி மாதிரி கிடந்தாள் ஜீரோ.
"பாலா? இதென்ன கன்னுக்குட்டியா?"
டாக்டர் சகாயமேரி
என் எடைச் சீட்டின் முதுகிலேயே எழுதினார்:
வேகவைத்த முட்டை, கோழி ஈரல் கொஞ்சம்,
குழைந்த சோறு, பரங்கிக்காய். உப்பு கூடாது.
எலும்பு வளர ஒரு டானிக்.
இப்போது நாலு வேளை, ஆறு மாதத்துக்கு மேல் ரெண்டு.
வெங்காயம் திராட்சை சாக்லேட்,
இந்த மூன்றுக்கும் கீழே
பேனா கிழியும் அளவுக்குக் கோடு.
"பெரியவனுக்கு?"
"அவனுக்கு எழுத ஒண்ணுமில்லம்மா.
நிறுத்தத்தான் நிறைய இருக்கு."

ஐந்து ரோட்டுக் கடையில்
பளபளப்பான பை ஒன்றைத் திருப்பிப் படித்தேன்.
சோளம் முதலில், ஸ்டார்ச் அடுத்து.
கோழி ஆறாவதாக நின்றது,
ரேஷன் கடைக்குத் தாமதமாக வந்தவள் போல.
அந்த ஸ்டார்ச் எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்,
நானே எடை போட்டு அனுப்பிய மூட்டையோ என்னவோ.
கீழ்த்தட்டில் இன்னொரு பை.
அதில் கோழிதான் முதல் சொல்,
குட்டிகளுக்கு என்று தனியே அச்சு.
விலை, என் மூன்று ராத்திரி.
சின்னப் பையாக வாங்கினேன்.

லோடு தட்டில்
கைப்பிடிச் சோறு, பீன்ஸ், தோலுரித்த கோழி.
ஸ்டிரைக் நோட்டீஸைப் பார்க்கும் முதலாளி மாதிரி
தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
நேராகப் போய் ஜீரோவின் முட்டையை விழுங்கினான்.
அவளோ அவன் பீன்ஸில் கால் வைத்து நின்றாள்.
அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு
கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில், கதவைச் சாத்திக்கொண்டு.
வெளியே அவன் மூக்கு
கதவிடுக்கில் ஊதிக்கொண்டே இருக்கும்.

தோல் குவியலைச் சுற்றித் தகரம் வைக்கச் சொன்னேன்.
பச்சைத் தோல் தின்ற ஆடு
வாயில் நுரையோடு சாய்ந்ததைப் பார்த்தவள் நான்.
மானேஜர் சிரித்தார்.
தகரம் வந்தது, மாசி முடிந்து.

டிரைவர்களுக்கு ஒரு போர்டு எழுதி மாட்டினேன்:
'நாய்க்குத் தீனி போட்டால் சீட்டு தாமதமாகும்.'
"ஒண்ணே ஒண்ணுங்கக்கா, மூஞ்சியப் பாருங்க"
என்பார் செங்கோடன்.
மூஞ்சியைப் பார்த்துத்தானே
ஒன்பது வருஷம் இப்படி ஆயிற்று.
நானும்தான் போட்டேன்.
டீயில் நனைத்த பிஸ்கட், தினமும், என் கையால்.
அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

சித்திரை, விடிகாலை நாலு மணி.
லோடு இல்லாத நேரம், அதாவது கிழங்கு லோடு.
சேர்வராயன் மலை மேல் நாலைந்து விளக்குகள்.
ஜீரோ தானாகவே மேடையில் ஏறினாள்.
0.
10.
0.
மூச்சை இழுத்தாளோ என்னவோ, 10.
மேடை தாராளமாகத்தான் சொல்கிறது,
ஐந்தைத் தாண்டினால் அதற்குப் பத்து.
இருந்தாலும் எழுந்து நின்றுவிட்டேன்.
பின்னாலேயே அவனும் ஏறிப் படுத்தான்.
30.

அவன் ஒருத்தனே முப்பதாக இருந்த மேடை.

சீட்டு அடிக்கப் போனேன்.
வண்டி எண் என்ன என்று கேட்டது கம்ப்யூட்டர்.
யோசிப்பதற்குள் பின்னால் ஹாரன்,
கண்ணைக் கூசும் வெளிச்சம்.
ஜீரோ குதித்து ஓடிவிட்டாள்.
லோடு இறங்கவில்லை,
வால் மட்டும் மேடையைத் தட்டுகிறது.
ஜன்னலுக்கு வெளியே செங்கோடன் கை,
கையில் ஏதோ பொட்டலம்.